மரத்த கையை மறதி என்றேன்

என் அம்மாவின் தலையில், வலது காதுக்கு மேலே, இரண்டு சிறு குழிகள் இருக்கின்றன. முடி வளர்ந்து மூடிவிட்டதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எண்ணெய் தேய்க்கும்போது விரல் நுனி லேசாக உள்ளே இறங்கும், அப்போது தெரியும். அந்த இடத்தில் எலும்பு கிடையாது. தோல், அதன் கீழே ஒரு தடித்த சவ்வு, அதன் கீழே மூளை. வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் தேய்த்துவிடுகிறேன். அந்த இடம் வரும்போது என் கை தானாக மெதுவாகிவிடும். "நல்லாத் தேயி கண்ணு, ஓட்டை வழியா எண்ணெய் உள்ள ஒழுகிடாது" என்று அம்மா சிரிப்பாள்.

அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "தலையில் ரத்தம் கட்டியிருந்தது, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லி முடித்துவிடுவேன். மூன்றும் உண்மை. ஆனால் அந்த மூன்றிலும் நான் இல்லை. ஒன்றரை வருடமாக நான் சொல்லாமல் விட்டுவரும் பங்கை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுத அகராதி தேவைப்பட்டது. மூளையின் பகுதிகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியும், கன்னடத்தில் தெரியும், என் அம்மாவின் மொழியில் தெரியாது.

எங்கள் சொந்த ஊர் மார்டள்ளி, கர்நாடகத்தில் கொள்ளேகாலத்துக்கு அப்பால், மாதேஸ்வரன் மலைப் பக்கம் தமிழ் பேசும் ஊர். மானாவாரி நிலம் மூன்று வருடம் தொடர்ந்து ஏமாற்றியபோது அப்பாவும் அம்மாவும் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கம்பி கட்டுகிறவர். அம்மா சித்தாள், மணலும் கலவையும் சுமந்து சாரம் ஏறுவாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. நான் ஊரில் நாலாம் வகுப்புவரை தமிழில் படித்தேன், இங்கே வந்து கன்னடத்தில் படித்தேன், கல்லூரியில் ஆங்கிலத்தில். இது நடந்தபோது பி.எஸ்சி. விலங்கியல், கடைசி வருடம். என் ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த மூளைப் படத்தை லெக்சரர் வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "பூக்கோசாட்டம் இருக்குது" என்றாள். எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. இது பெருமூளை, நினைப்பதும் பேசுவதும் அசைவதும் இங்கே. பின்னால் தொங்குவது சிறுமூளை, தள்ளாடாமல் நடக்க வைப்பது. கீழே தண்டுபோல் இருப்பது மூளைத்தண்டு, மூச்சும் இதயமும் அதன் பொறுப்பு, அது நின்றால் ஆள் இல்லை என்று பாடம் எடுத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெளியே தமிழ் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. காவிரித் தகராறில் தமிழர்களைத் தேடி அடித்த நாட்களில், கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தபோது பிறந்த விதி அது. பிறகு ஊர் அடங்கிவிட்டது. தெருவில் எங்களோடு சண்டைக்கு வந்தவர் யாருமில்லை. அப்பாவும் அம்மாவும் அந்த விதியை எப்போதோ மறந்திருப்பார்கள். விடாமல் வைத்திருந்தவள் நான். பஸ்ஸில் அம்மா தமிழில் ஏதாவது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். தோழிகளிடம் "கொள்ளேகாலம் பக்கம்" என்று மட்டும் சொல்வேன். பயம் போய் வெட்கம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் அதைப் பயம் என்றே சொல்லிவந்தேன்.

அந்த வருடம் மழை முடிகிற சமயத்தில் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பெட்டிக்கடையில் விற்கும் தலைவலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பிறகு ஒரு நாள் இடது கையிலிருந்து சொம்பு நழுவியது. "கை மரத்துக் கிடக்குது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்றாள். சுமை தூக்கிய கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். எனக்குப் பரீட்சை இருந்தது.

பத்து நாள் கழித்து அப்பா சொன்னதால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வழியில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: "அங்க தமிழ் பேசாத. நான் பேசிக்கறேன். உன்னையக் கேட்டா மட்டும் கன்னடத்துல சொல்லு."

"செரி கண்ணு," என்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மாதேஸ்வரனைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதைக் கன்னடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

வெளிநோயாளிகள் அறையில் ஓர் இளம் டாக்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். மேஜையைச் சுற்றி மூன்று மருத்துவ மாணவர்கள், என் வயது. அவர்களோடு பேசியதெல்லாம் கன்னடத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். தலைவலி என்று நான் தொடங்கியதும் டாக்டர் அம்மாவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா, வேறு என்ன தொந்தரவு?" என்று கேட்டார்.

அம்மா முகம் மலர்ந்தது. ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள்: "கையி மரெத்து ஹோய்த்து சார்."

கன்னடம் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தமிழில் கை மரத்துப் போச்சு என்கிறோம். அம்மா அதையே கன்னட வாய்க்கு வளைத்தாள். ஆனால் கன்னடத்தில் 'மரெத்து ஹோய்த்து' என்றால் மறந்துபோச்சு என்று அர்த்தம். மரத்துப்போவதற்கு அங்கே வேறு சொல் உண்டு. ஜோமு என்பார்கள். ஆக, அந்த அறையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது: கை மறந்துபோச்சு சார்.

ஒரு மாணவன் சிரித்துவிட்டான். "கையை எங்கம்மா மறந்துட்டு வந்தீங்க, பஸ்ஸிலயா?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. டாக்டரே லேசாகச் சிரித்தார். அம்மாவும், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று கூடச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த மாணவி என்னைப் பார்த்து, "நீங்க தமிழா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"இல்லை, கொள்ளேகாலம்," என்றேன்.

அந்தப் பதிலைச் சொன்ன பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. தமிழ் இல்லை என்றால் அம்மா சொன்ன சொல்லும் தமிழாக இருக்க முடியாது. கன்னடம் என்றால் அது மறதிதான். "அம்மாவுக்கு இப்போதெல்லாம் மறதி அதிகம்," என்றேன். எப்படிப்பட்ட மறதி என்று டாக்டர் கேட்டார். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போடுகிறாள், ஸ்டவ்வை அணைக்க மறக்கிறாள், வைத்த இடம் தெரியாமல் சாவியைத் தேடுகிறாள். அடுக்கடுக்காகச் சொன்னேன். ஒன்றுகூட நடக்கவில்லை. நல்ல கன்னடத்தில், தடுமாறாமல் சொன்னேன்.

"கை காலில் ஏதாவது?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டார் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

"இல்லை. நாள் முழுக்க வேலை செய்கிறாள்."

அவர் சட்டைப்பையில் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்ன ரப்பர் சுத்தியல் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லாமல் நான் செய்துவிட்டேன். அசதி, ரத்தக் குறைவு, இந்த வயதில் வருவதுதான் என்று சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா, "நான் சொன்னது செரியா, கண்ணு?" என்று கேட்டாள்.

"சரி, சரி. நட," என்றேன்.

எட்டாம் நாள் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. உலுக்கினால் கண் திறந்தாள், திரும்ப மூடிக்கொண்டாள். வாந்தி எடுத்தாள். அப்பாவும் நானும் நிறுத்திப் பார்த்தோம். இடது கால் அவளுடையது இல்லைபோல் பின்னால் இழுபட்டது. ஆட்டோவில் அப்பா மடியில் அவளைப் போட்டுக்கொண்டு, "ஏ மாதம்மா, தூங்காத புள்ள, இந்தா ஸ்டாண்டு வந்துருச்சு, இந்தா மார்க்கெட்டு வந்துருச்சு" என்று வழியெல்லாம் ஊரைக் காட்டிக்கொண்டே வந்தார். அவள் எதையும் பார்க்கவில்லை.

அதே ஆஸ்பத்திரிதான். இந்தத் தடவை தலை ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டரே வந்தார். நரைத்த மீசை, உயரம், அவசரமில்லாத ஆள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளங்காலில் சாவியால் கோடு கிழித்தார். வலது கால் விரல்கள் கீழே மடங்கின. இடது பெருவிரல் மேலே நிமிர்ந்தது. அது எதைக் காட்டுகிறது என்று நான் படித்திருந்தேன். மூளையிலிருந்து கீழே வரும் பாதையில் கோளாறு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விடை. இப்போது அதை அம்மாவின் காலில் பார்த்தேன்.

ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். "அந்த உருளைக்குள்ள விட்டா சுடுமா கண்ணு?" என்று கேட்டார். சுடாது, எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் தலையைத் துண்டு துண்டாகப் படம் காட்டும் என்றேன். "துண்டா" என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்து கதவுகிட்டே போய் நின்றுகொண்டார்.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி டாக்டர் எங்களுக்கு விளக்கினார். வெள்ளை வளையம் மண்டையோடு. உள்ளே சாம்பல் நிறத்தில் மூளை. நடுவில் நேராக ஓட வேண்டிய கோடு இடது பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது. வலது பக்கம், எலும்புக்கும் மூளைக்கும் நடுவே, பிறை வடிவில் ஒரு பட்டை.

"தட்டில் களி உருண்டையை வைத்து ஒரு பக்கமாகக் கையால் அழுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி அழுந்தியிருக்கிறது," என்றார். எலும்புக்குக் கீழே தோல்போல ஒரு தடித்த சவ்வு. அதற்கும் மூளைக்கும் இடையே மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே மூளைதான் நகர வேண்டும். மூளையின் வலது பாதி உடம்பின் இடது பாதியை ஆள்கிறது. நரம்புப் பாதைகள் கீழே இறங்கும்போது மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் இடது கை, இடது கால். கைக்கு உரிய இடம் மூளையின் பக்கவாட்டில் பெரிதாக இருக்கும். முதுகு முழுவதற்கும் ஒதுக்கிய இடத்தைவிடக் கைக்கு ஒதுக்கியது அதிகம். இந்தப் பட்டை நேராக அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் தள்ளினால் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி மூளைத்தண்டை அழுத்தும். பிறகு மூச்சு நின்றுவிடும்.

"தலையில் அடிபட்டதா?" என்றார்.

"எனக்குத் தெரிந்து இல்லை," என்றேன்.

"கை முதலில் மரத்திருக்குமே?"

அப்பாவுக்குக் கன்னடம் ஓரளவு புரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இந்த இரண்டு நாளாகத்தான்," என்றேன்.

அப்பா அதை மறுக்கவில்லை. அவருக்கு நான்தான் படித்தவள்.

சம்மதப் படிவத்தில் அப்பா பெருவிரல் வைத்தார். சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். தலையை மழிக்க ஆஸ்பத்திரி நாவிதர் வந்தார். அப்பா அவர் பின்னாலேயே போய்த் துண்டை விரித்தார்.

"என்னப்பா செய்யறே?" என்று நாவிதர் கேட்டார்.

"முடிய இதுல போடுங்க. மாதேஸ்வரனுக்குக் குடுக்க வேண்டிய முடி. குப்பையில போட்டா சாமி கேக்கமாட்டாரா?"

"உங்க சாமி ஆஸ்பத்திரியில மழிச்சதை எல்லாம் வாங்கிக்குவாரா?" என்றார் நாவிதர்.

"எங்க மழிச்சான்னு அவருக்கு எதுக்கு? எதுக்கு மழிச்சான்னு அவருக்குத் தெரியும்."

நாவிதர் சிரித்துக்கொண்டே கடைசி மயிர்வரை துண்டில் தட்டிக் கொடுத்தார். அப்பா முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க அந்த முடிச்சின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஜோமு. ஒரே ஒரு சொல். எனக்குத் தெரிந்த சொல். அதைச் சொல்லியிருந்தால் எட்டு நாள் முன்னாலேயே அம்மா தன் காலால் நடந்து வந்து ஆபரேஷனுக்குப் படுத்திருப்பாள்.

மண்டையில் இரண்டு துளை போட்டு, கழுவி, ஒரு ரப்பர்க் குழாயை உள்ளே வைத்திருந்தார்கள். வந்தது சிவப்பு ரத்தம் இல்லை, பழைய எஞ்சின் ஆயில்போல இருந்தது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து, "உங்கப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். அப்பா வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதார்.

குழாய் எடுக்கும்வரை இரண்டு நாள் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் நஞ்சன்கூட்டு ரத்னம்மா, கழுத்து எலும்பு தேய்ந்து பட்டை போட்டிருந்தவர், திரும்ப முடியாதவர். அவரும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே, கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கன்னடத்தில், அம்மா தமிழில். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. "உன் மகள் காலேஜில் தலையைப் பற்றிப் படிக்கிறாளாமே. உன்னுடையதைத் திறந்தே பார்த்துவிட்டார்கள். இனி யாருக்கு அதிகம் தெரியும்?" என்று ரத்னம்மா கேட்க, அம்மா வயிறு குலுங்கச் சிரித்து, குழாய் ஆடுகிறது என்று நர்ஸிடம் திட்டு வாங்கினாள்.

கையும் திரும்பி வந்தது. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஏதாவது வைப்பார். வலது கையில் வைத்தால் உடனே "சாவி" என்பாள். இடது கையில் முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "காசு. எட்டணா," என்றாள். தொடுவதை உணர்வது வேறு, தொட்டது என்ன என்று கண்டுகொள்வது வேறு. இரண்டாவது மூளையின் மேற்பக்கத்து மடிப்புகளின் வேலை என்று டாக்டர் சொன்னார். "எட்டணாவை எனக்கே வெச்சுக்கலாமுங்களா?" என்று அம்மா கேட்டாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். போகவில்லை. ரத்தம் எடுக்க ஆரம்பித்தார்கள். காலையில் கையில் ஊசி. பிறகு காது மடலில் குத்தி, வடிதாளில் ஒற்றி ஒற்றி, எத்தனை நிமிடத்தில் ரத்தம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். மறுநாளும் குத்தினார்கள். முழங்கை மடிப்பு நீலமாகி, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஏன் என்று மருத்துவ மாணவி ஒருத்தியைக் கேட்டேன்.

"முதல் தடவை வந்தபோது கையிலும் காலிலும் ஒன்றுமே இல்லை என்று சீட்டில் இருக்கிறது. எட்டு நாளில் இப்படி ஆகியிருக்கிறது. அடியும் படவில்லை. அப்படியென்றால் ரத்தம் உறைவதிலேயே கோளாறு இருக்கலாம். இன்னொரு ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்கிறார் சார். பெங்களூருக்கு அனுப்பலாமா என்றும் யோசிக்கிறார்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்: "தலையில..."

மாணவி அன்பாக அவள் தோளைத் தட்டி, என் பக்கம் திரும்பினாள். "பாவம், அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க சொல்லுங்க."

அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மறதிக்காரி என்று சீட்டில் எழுதிய நாளிலிருந்து, நோய் எப்படி வந்தது என்று என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் என்னைத்தான் கேட்டார்கள். நான் மாற்றியது ஒரு சொல்லை மட்டுமல்ல. அவள் வாயையே செல்லாததாக்கியிருந்தேன். இது தெரிந்த பிறகும் ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்த ஒரு நாளில் ரத்தம் எடுக்க இன்னொரு முறை ஊசி குத்தினார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் பன்னிரண்டு மாணவர்களோடு வார்டுக்குள் வந்தார். அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முதல் நாள் சீட்டைக் கையில் எடுத்துப் படித்தார்.

"எழுதிக்கொள்ளுங்கள். இந்த அம்மாவுக்கு முதலில் வந்தது தலைவலியும் மறதியும் மட்டும். குழம்பில் இரண்டு தரம் உப்பு. ஸ்டவ். சாவி. கை காலில் எதுவும் இல்லை. இப்படியும் வரலாம் என்பதை மறக்காதீர்கள்."

பன்னிரண்டு பேனாக்கள் எழுதின. நான் உண்டாக்கிய உப்பும் ஸ்டவ்வும் சாவியும் பன்னிரண்டு நோட்டுகளில் ஏறின. இவர்கள் டாக்டர்களாகிப் பன்னிரண்டு ஊருக்குப் போவார்கள் என்று நினைத்தேன்.

அவர் அம்மாவின் நீலம் பாய்ந்த கையைத் தூக்கிப் பார்த்து, "இது முதலிலேயே மரத்திருந்தால் கணக்குச் சரியாக வரும். எட்டு நாளில் எப்படி வந்தது?" என்று தமக்குத் தாமே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என்னிடம், "உறுதியாகத் தெரியுமா? முன்பே ஏதாவது சொன்னார்களா?"

நான் பதில் சொல்லுமுன் அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்கு எந்த அளவு புரிந்ததோ தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்திருக்கும். "நானேதான் சொல்லலைங்க சார். எம்புள்ள மேல தப்பில்லைங்க. எனக்கு மறதிங்க," என்றாள். தமிழில். தன் தலையைத் தானே தொட்டுக் காட்டினாள்.

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "சொன்னாள் சார்," என்றேன். "முதல் நாளே சொன்னாள். கை மரத்துவிட்டது என்று சொன்னாள், அப்போதே பத்து நாளாகியிருந்தது. அவள் சொன்னது தமிழ். நாங்கள் தமிழர்கள். இங்கே எல்லாரும் சிரித்தார்கள். நான் மறதி என்று மாற்றிச் சொன்னேன். உப்பு, சாவி எல்லாம் நான் சொன்ன பொய். அவளுக்கு மறதியே கிடையாது."

பின்வரிசையில் நின்ற ஒரு மாணவன் கீழே பார்த்தான். அன்றைக்கு, 'பஸ்ஸிலயா மறந்துட்டு வந்தீங்க' என்று கேட்டவன் அவன்தான் என்று அடையாளம் தெரிந்தது. டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன படிக்கிறாய்?" என்று கேட்டார்.

"பி.எஸ்சி. விலங்கியல்."

அவர் சீட்டில் நாலு வரியைக் கோடு போட்டு அடித்தார். மாணவர்களையும் அடிக்கச் சொன்னார். ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "அம்மா, தமிழிலேயே சொல்லுங்கள். முதலிலிருந்து. நீ," என்று என்னைப் பார்த்தார், "அவர் சொல்வதை அப்படியே சொல். கூட்டாதே, குறைக்காதே."

அம்மா தயங்கினாள். "சொல்லும்மா," என்றேன். அந்த வார்டில் நான் உரக்கச் சொன்ன முதல் தமிழ்.

அம்மா பேச ஆரம்பித்தாள். பேசப் பேச, நான் எத்தனை கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அஞ்சு வாரம் முன்னால், கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த சென்டரிங் பலகையைப் பிரிக்கும்போது மேலிருந்து ஒரு சவுக்குக் கம்பு சரிந்து தலையில் விழுந்தது. சும்மாடு இருந்ததால் காயமில்லை, ரத்தமில்லை. மேஸ்திரி தண்ணி குடுத்தாரு, குடிச்சுட்டு மறுபடி சுமந்தேன். அப்புறம் வலி. தினமும் மூணு மாத்திரை, சிலநாள் நாலு. "எந்த மாத்திரை?" என்று டாக்டர் நிறுத்திக் கேட்டார். அம்மா மேலுறையின் நிறத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து மாணவர்களைப் பார்த்தார். அந்த மாத்திரை ரத்தம் உறைவதைத் தடுக்கும், கசிவை நிற்கவிடாது என்றார். "ரத்தக் கோளாறு இல்லை. நாளையிலிருந்து ஊசி வேண்டாம்."

அம்மா தொடர்ந்தாள். சொம்பு நழுவியது, எறும்பு ஊர்ந்தது, சாரத்தில் ஏறும்போது இடது கை கம்பைப் பிடித்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கன்னடத்தில் சொன்னேன். ஜோமு என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். தாளைத் திருப்பினார். கதை அந்த வெளிநோயாளிகள் அறைக்கு வந்தது.

"நாங்க தமிழ் பேசினா எம்புள்ளைக்கு வெக்கமுங்க," என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது, கம்பு விழுந்தது என்பதுபோலச் சொன்னாள். "அதுனாலதான் பெஞ்சுல உக்காந்து கன்னடத்துல கூட்டிக்கூட்டிச் சொல்லிப் பார்த்துட்டு உள்ள போனேனுங்க."

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என்ன சொன்னார்?"

'எனக்குக் கன்னடம் சரியாக வராது என்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, அது பொய்யும் இல்லை. வாக்கியம் வாய்வரை வந்தது.

"'நாங்கள் தமிழ் பேசினால் என் மகளுக்கு வெட்கம். அதனால் பெஞ்சில் உட்கார்ந்து கன்னடத்தில் சொல்லிப் பழகிவிட்டு உள்ளே போனேன்' என்கிறார்," என்றேன்.

அவர் அதை எழுதவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஸ்டூலை இன்னும் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்று அம்மாவைக் கேட்டார்.